கணினிக்குள் ஓர் அடுப்பு: வேகத்துக்கு வெப்பம் போட்ட கடிவாளம்



கணினி வாங்கக் கடைக்குப் போகும் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி எது? "இதன் வேகம் எவ்வளவு?" என்பதுதான். கடைக்காரர் ஓர் எண்ணைச் சொல்வார். பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கு அதைவிடப் பெரிய எண்ணைச் சொல்வார். பிள்ளைக்கு நல்லதாக வாங்கித் தர வேண்டும் என்ற ஆசையில் இன்னும் ஐந்நூறு, ஆயிரம் வெள்ளி சேர்த்துக் கொடுத்துப் பெரிய எண்ணை வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். "இது எவ்வளவு சூடாகும்? அந்தச் சூட்டை வெளியே தள்ள உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

இதைச் சரியாகக் கேட்காமல் விட்டவர்கள் பெற்றோர் மட்டும் அல்லர். அன்று உலகின் மிகப் பெரிய சில்லு நிறுவனமாக இருந்த இண்டெல்லும் சில ஆண்டுகள் இந்தக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தது. அதற்கு அது கொடுத்த விலை கொஞ்சம் அல்ல. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டு மேசைமேல் இருக்கும் பெட்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

மின்விசிறிக்குப் போகும் மின்சாரம் காற்றாகிறது. விளக்குக்குப் போகும் மின்சாரம் வெளிச்சமாகிறது. கணினியின் மூளையான செயலிக்குப் போகும் மின்சாரம் என்ன ஆகிறது? அநேகமாக முழுவதும் வெப்பமாகிறது. நூறு வாட் உள்ளே போனால் நூறு வாட் சூடு வெளியே வந்தாக வேண்டும். இதில் தள்ளுபடி கிடையாது.

செயலிக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன சுவிட்ச். அது திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் துளி மின்சாரம் செலவாகிறது. வினாடிக்கு எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்பதுதான் நாம் ஜிகாஹெர்ட்ஸ் என்று சொல்லும் வேகம். வேகம் கூடினால் சூடும் அதே அளவு கூடும். ஆனால் கதை அதோடு முடிவதில்லை. சுவிட்ச் வேகமாக வேலை செய்ய மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கும். மின்னழுத்தம் கூடினால் சூடு அதன் இருமடிப் பெருக்கமாகக் கூடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகத்தை 20 விழுக்காடு கூட்ட, மின்னழுத்தத்தையும் 20 விழுக்காடு கூட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். 1.2 பெருக்கல் 1.2 பெருக்கல் 1.2. விடை ஏறக்குறைய 1.73. கிடைத்த வேகம் 20 விழுக்காடு. கூடிய சூடு 73 விழுக்காடு!

பிறகு எப்படி இத்தனை ஆண்டுகள் கணினிகள் வேகமாகிக்கொண்டே வந்தன? 1974-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் ஒரு வழியை எழுதி வைத்தார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதற்கு ஏற்பக் குறைத்து வாருங்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் உண்டாகும் சூடு மாறாமல் இருக்கும் என்றார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த வழி கைகொடுத்தது. ஒரு கட்டத்தில் டிரான்சிஸ்டர் மிகவும் சிறிதாகிப்போனது. சுவிட்சை மூடினாலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. சரியாக மூடாத குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது போல! மின்னழுத்தத்தை மேலும் குறைக்க முடியாமல் போனது. வெப்பம் ஏறத் தொடங்கியது.

எண்களின் பந்தயம்

2000-ஆம் ஆண்டு நவம்பரில் இண்டெல் பெண்டியம் 4 செயலியை 1.4, 1.5 ஜிகாஹெர்ட்ஸ் வேகங்களில் வெளியிட்டது. அதன் வடிவமைப்பு ஒரே குறிக்கோளை முன்வைத்தது. ஜிகாஹெர்ட்ஸ் எண்ணை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒரு நாள் 10 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகலாம் என்று பேசப்பட்டது.

அதை எப்படிச் செய்தார்கள்? பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் லைனில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஒரு வேலையைப் பத்துப் பேர் செய்வதற்குப் பதிலாக இருபது பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொருவர் கையிலும் வேலை குறையும். பெல்ட்டை வேகமாக ஓட்டலாம். பெண்டியம் 4-இல் அப்படி இருபது கட்டங்கள் இருந்தன. ஆனால் தொடக்கத்திலேயே தவறான பொருள் பெல்ட்டில் ஏறிவிட்டால், இருபது பேர் கையில் இருப்பதையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். செயலிக்குள்ளும் இதுவே நடக்கும். அதனால் எண் பெரிதாக இருந்த அளவுக்கு முடிந்த வேலை பெரிதாக இல்லை.

போட்டி நிறுவனமான ஏஎம்டி இதைச் சுட்டிக்காட்டப் பார்த்தது. 2001-இல் வந்த அதன் அத்லான் எக்ஸ்பி 1800+ செயலியின் உண்மையான வேகம் 1.53 ஜிகாஹெர்ட்ஸ்தான். எண் சிறிதென்று வாங்குபவர்கள் ஒதுக்கிவிடுவார்களே என்று பெயரிலேயே 1800 என்று போட்டுக்கொண்டார்கள். பெரிய எண்ணே நல்லது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது.

எச்சரிக்கை வராமல் இல்லை. அன்று இண்டெல்லின் தொழில்நுட்பத் தலைவர்களில் ஒருவராக இருந்த பாட் கெல்சிங்கர் 2001-இல் ஒரு மாநாட்டில் பேசினார். இப்படியே போனால் சில்லின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் உண்டாகும் வெப்பம் அணு உலையை எட்டும், பிறகு ராக்கெட்டின் வாய்முனையை எட்டும், அதற்கும் பிறகு சூரியனின் மேற்பரப்பையே எட்டும் என்றார். பேச்சு பத்திரிகைகளில் வந்தது. பந்தயம் நிற்கவில்லை.

இஸ்திரிப் பெட்டியைவிடச் சூடு

2004 பிப்ரவரியில் பிரஸ்காட் என்ற புதிய பெண்டியம் 4 வந்தது. இருபது கட்டங்கள் முப்பத்தொன்றாயின. டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை 12 கோடியே 50 லட்சம். சிறிதாக்கியதால் சூடு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். கூடியது! அதே 3.4 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் பழைய வகைக்கு 89 வாட் என்று குறிக்கப்பட்டிருந்தது. புதிய வகைக்கு 103 வாட்.

நூறு வாட் என்ன பெரிய சூடா? வீட்டு இஸ்திரிப் பெட்டியே ஆயிரம் வாட் ஆயிற்றே என்று கேட்கத் தோன்றும். அந்த ஆயிரம் வாட்டும் இரண்டு உள்ளங்கை அளவுத் தகட்டில் பரவி நிற்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து வாட் அளவில் வரும். பிரஸ்காட் சில்லின் பரப்போ 112 சதுர மில்லிமீட்டர். ஆள்காட்டி விரல் நகத்தின் அளவு. அதில் 103 வாட் என்றால் சதுர சென்டிமீட்டருக்குத் தொண்ணூறு வாட்டுக்கும் மேல். இஸ்திரிப் பெட்டியைப் போலப் பதினெட்டு மடங்கு!

அந்தச் சூட்டை நகத்தளவு இடத்திலிருந்து உடனுக்குடன் எடுத்தாக வேண்டும். சில்லின் மேல் ஓர் உலோக மூடி. அதன்மேல் வெப்பப் பசை. அதன்மேல் செம்பு அல்லது அலுமினியத் தகடுகள் நிறைந்த வெப்ப உறிஞ்சி. அதன்மேல் விசிறி. வெப்பம் இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறித்தான் காற்றில் கலக்கிறது. இதில் ஒரு படி சரியில்லை என்றாலும் முழுப் பயனும் போய்விடும்.

இந்த இடத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இண்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972-இல் திறந்தது பினாங்கில்தான். பிறகு கூலிமிலும் கால் பதித்தது. சில்லைப் பலகையில் பொருத்தி, மூடி போட்டு, சோதித்து அனுப்பும் வேலை இங்கே நடந்தது. பழைய பெண்டியம் 4 கையில் கிடைத்தால் அதன் மூடியைத் துடைத்துப் பாருங்கள். பலவற்றில் மலேசியாவைக் குறிக்கும் 'மலாய்' என்ற சொல் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். உலகெங்கும் மேசைமேல் சுட்ட அந்தச் சில்லுகளில் பல, நம்மவர்கள் கைபட்டுப் போனவை.

மண்டியிட்ட தலைவர்

பிரஸ்காட்டுக்கு அடுத்ததாக தேஜாஸ் என்ற செயலி தயாராகிக்கொண்டிருந்தது. 2004 மே மாதம் இண்டெல் அதைக் கைவிட்டது. வாங்குபவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்த 4 ஜிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4-உம் அக்டோபரில் கைவிடப்பட்டது. 3.8-இல் வண்டி நின்றுபோனது. அதே மாதம் அமெரிக்காவின் ஓர்லாண்டோ நகரில் நடந்த மாநாட்டு மேடையில், இண்டெல்லின் தலைமை நிர்வாகி கிரேக் பேரட் எல்லார் முன்னிலையிலும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பாதி வேடிக்கைதான். அவையும் சிரித்தது. ஆனாலும் இத்தனை ஆண்டுகள் எண்ணைக் காட்டி விற்ற நிறுவனம், அந்த எண்ணை எட்ட முடியவில்லை என்று ஒப்புக்கொண்ட நாள் அது.

இண்டெல் மட்டுமா? ஆப்பிள் நிறுவனம் 2003-இல் ஐபிஎம் செய்த ஜி5 செயலியுடன் பவர் மேக் கணினியை வெளியிட்டது. உள்ளே ஒன்பது விசிறிகள். ஓராண்டில் 3 ஜிகாஹெர்ட்ஸ் வரும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். ஓராண்டு கழித்து வந்தது 2.5. அதையும் குளிர்விக்கத் திரவம் ஓடும் குழாய்கள் தேவைப்பட்டன. மடிக்கணினிக்குள் ஜி5 நுழையவே இல்லை. 2005-இல் ஜாப்ஸ் இண்டெல் பக்கம் மாறுவதாக அறிவித்தபோது சொன்ன முக்கியக் காரணம், ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பதுதான். எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்ற கேள்வி, ஒரு வாட்டுக்கு எவ்வளவு என்று மாறிவிட்டது.

மாற்றம் வந்த திசை

இண்டெல்லைக் காப்பாற்றியது யார் தெரியுமா? மடிக்கணினிக்காக வேலை செய்துகொண்டிருந்த ஒரு குழு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த அந்தப் பொறியாளர்களுக்குப் பெரிய விசிறி வைக்க இடம் இல்லை. மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது. வேறு வழியில்லாமல் முதல் நாளிலிருந்தே வாட்டை எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள். அவர்கள் வடிவமைத்த பெண்டியம் எம் 2003 மார்ச்சில் வந்தது. 1.6 ஜிகாஹெர்ட்ஸ், 25 வாட்டுக்கும் குறைவு. ஆனால் எண்ணில் தன்னைவிட மிகப் பெரிய பெண்டியம் 4-களுக்கு அது ஈடுகொடுத்தது.

அந்த வழியில் வளர்ந்ததுதான் 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ. அதன் இ6600 வகை 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 65 வாட். 3.73 ஜிகாஹெர்ட்ஸில் 130 வாட் தின்ற பழைய உயர்வகைப் பெண்டியத்தை அது பின்னுக்குத் தள்ளியது. எண் குறைந்தது. சூடு பாதியானது. வேலை கூடியது! இண்டெல் தன் மேசைக் கணினிச் செயலி ஒன்றுக்கு 4 ஜிகாஹெர்ட்ஸை அடிப்படை வேகமாக எழுத 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாடம் நிலைத்ததா?

அதுதான் இல்லை. பந்தயம் வேறு வடிவில் திரும்பி வந்தது. 2022-இல் வந்த இண்டெல் கோர் ஐ9-13900கே முழுமூச்சில் ஓடும்போது 253 வாட் வரை எடுக்கும். அதே ஆண்டின் ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் வரை போகும். 95 டிகிரி செல்சியஸில் நின்று வேலை செய்வதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டது.

பிறகு என்ன நடந்தது? இண்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்வகைச் செயலிகளில் சில, சில மாதப் பயன்பாட்டிலேயே தடுமாறத் தொடங்கின. விளையாட்டுகள் பாதியில் நின்றன. கணினிகள் காரணமின்றி அணைந்தன. 2024-இல் இண்டெல் காரணத்தைச் சொன்னது: செயலி தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. திருத்த மென்பொருள் வெளியிடப்பட்டது. உத்தரவாதம் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே பழுதான சில்லைத் திருத்தம் குணப்படுத்தாது; மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த அடுத்த தலைமுறையின் உச்ச வேகம் 5.7 ஜிகாஹெர்ட்ஸ். முந்தியது 6. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எண் மறுபடியும் இறங்கியது.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விசிறியானாலும் திரவக் குழாயானாலும், அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகச் செயலியை வைக்க அவற்றால் முடியாது. செயலியின் சூடு எப்போதும் அறையின் சூட்டுக்கு மேல்தான் கணக்கிடப்படும். 22 டிகிரி அறையில் 70-இல் நிற்கும் செயலி, நம் ஊர் நண்பகலில் 32 டிகிரி அறையில் ஏறக்குறைய 80-இல் நிற்கும். பிரஸ்காட் காலத்தில் விசிறிக்குள் நுழையும் காற்று சுமார் 38 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று இண்டெல் எழுதி வைத்திருந்தது. குளிர் நாட்டுக்காரர்களுக்கு அது தாராளம். நமக்கு அறைக்கும் அந்த எல்லைக்கும் இடையில் ஆறே டிகிரி! கணினியைச் சுவரோடு ஒட்டி, மேசை அலமாரிக்குள் அடைத்து வைத்தால் அந்த ஆறும் போய்விடும்.

இன்றைய செயலிகள் அவ்வளவு சீக்கிரம் எரிந்துபோவதில்லை. 2001-இல் ஓர் இணையத்தளம் செய்து காட்டிய சோதனை பலருக்கு நினைவிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து வெப்ப உறிஞ்சியைக் கழற்றினார்கள். அத்லான் புகைந்து செத்தது. பெண்டியம் 4 வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்தது. அந்தப் பாதுகாப்பு இன்று எல்லாச் செயலிகளிலும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதில் ஒரு மறைமுக நட்டமும் இருக்கிறது. சூடு எல்லையைத் தொட்டால் செயலி சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் கூடுதல் பணம் கட்டி வாங்கிய வேகம் உங்களுக்கே தெரியாமல் காணாமல் போகும். விலை உயர்ந்த செயலியும் மலிவான விசிறியும் சேர்ந்தால் கிடைப்பது மலிவான செயலியின் வேகமே.

அதனால் கணினி வாங்கும்போது செயலிக்கும் குளிர்விப்புக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். வாட் எத்தனை என்று கேளுங்கள். பாடம் படிக்கவும் கட்டுரை எழுதவும் கணக்கு வழக்குப் பார்க்கவும் 65 வாட் செயலி தாராளமாகப் போதும். பெரிய செயலி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதன் மின்சார எல்லையைக் குறைத்து வைக்கும் வசதி உண்டு. கடைக்காரரிடம் கேட்டால் அமைத்துத் தருவார். சூடு கணிசமாகக் குறையும். வேகத்தில் சிறிதளவே குறையும். இருபது விழுக்காட்டுக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், காரணம் விளங்கும்.

தூசியைக் கவனியுங்கள். பெட்டியைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மின்சாரத்தைத் துண்டித்துத் திறந்து, மென்மையான தூரிகையால் தகடுகளுக்கு இடையே படிந்த தூசியை எடுங்கள். சாம்பிராணிப் புகையும் சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள வீட்டில் தூசி இன்னும் கெட்டியாக ஒட்டும். பல ஆண்டுகள் ஆன கணினி என்றால் காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றச் சொல்லுங்கள். பின்பக்கம் ஒரு சாண் இடமாவது விடுங்கள். சூடான காற்று வெளியேற வழி வேண்டும்.

இன்னொன்று. கணினியை விட்டு வெளியே வந்த சூடு எங்கே போகிறது? உங்கள் அறைக்குள்தான். 250 வாட் செயலி, 450 வாட் வரைகலை அட்டை, இரண்டும் முழுவேகத்தில் ஓடினால் 700 வாட். ஒரு குதிரைத்திறன் கொண்ட குளிர்சாதனம் அகற்றக்கூடிய வெப்பம் ஏறக்குறைய 2,600 வாட். அதில் நாலில் ஒரு பங்கு மகனுடைய கணினிக்கே போய்விடுகிறது. கணினிக்கு ஒரு முறை மின்கட்டணம். அதன் சூட்டை அகற்ற இன்னொரு முறை.

கணினியைக் கண்டு பயப்பட வேண்டும் என்பது இந்த உரையின் நோக்கம் அல்ல. ஆற்றலுக்கு ஆசைப்படுவதில் தவறும் இல்லை. ஆனால் அந்த ஆற்றலோடு சேர்ந்தே சூடும் வீட்டுக்கு வருகிறது. கோடிக்கணக்கில் முதல் போட்ட நிறுவனங்களே அதைக் கணக்கில் எடுக்க மறந்து திட்டங்களைக் கிழித்துப் போட்டன. முதல் நாளிலிருந்தே வாட்டை எண்ணிய ஒரு குழு அவர்களைத் தூக்கி நிறுத்தியது.

அடுத்த முறை கடையில் ஒருவர் பெரிய எண்ணைச் சொல்லும்போது ஒரு நிமிடம் பொறுங்கள். "சரி, இதற்கு எத்தனை வாட்? அதைக் குளிர வைக்க என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துப் பணப்பையைத் திறக்கலாம்.